வேண்டுதல் இல்லாமல் விட்ட மீன்கள்

சிதம்பரத்துக்குக் குடிவந்த முதல் வாரம், தெருமுனை டீக்கடைக்காரரிடம், "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். மலேசியாவில், எங்கள் ஈப்போவில், காலையில் யாரைப் பார்த்தாலும் நாங்கள் கேட்கிற கேள்விதான். அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இன்னா சார் பசி, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பக்கத்தில் நின்றவர், அன்னதானம் எந்த மண்டபத்தில் என்று என்னிடம் விசாரித்தார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்டேன் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. மலாய்க்காரரோ சீனரோ என் பேச்சைத் தவறாக எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அது வேறு மொழி, அவர் வேறு ஆள் என்று மனம் ஆறிவிடும். இங்கே நான் பேசுவது எல்லாருக்கும் புரிகிறது. நான் சொல்லாத ஒன்றாகப் புரிகிறது. அதற்கு எப்படி மனம் ஆறுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறினார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர்க்காரர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவரைத் தேடி நான் வரவில்லை. மனைவியோடு வந்தேன். கலைவாணி சிதம்பரத்துப் பெண். ஈப்போவில் ஒரு மருத்துவமனைக்குத் தாதியாக வந்தவள், இங்குள்ள பேச்சில் சொன்னால் நர்ஸ். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக் கையும் காலும் விழுந்தபோது, ஒரே மகள் என்பதால் இருவரும் புறப்பட்டு வந்தோம். வந்து ஒரு வருடம் ஆவதற்குள் அவளுக்கு தோஹாவில் வேலை கிடைத்தது. "ரெண்டே வருஷங்க. அப்பாவப் பாத்துக்கிறீங்களா?" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஏன் போகிறாள் என்று கேட்கவில்லை. வேலை என்றாள், வேலை என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் இந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு உண்டு. மனைவியும் இல்லாத வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனை என்ன சொல்லிச் சிரிப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

நான் ஈப்போவிலுள்ள ஒரு கட்டட நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே ஆறரை. பொழுது விடியும்போது கணினி முன் உட்கார்ந்தால், இந்த ஊர் மதியச் சாப்பாடு முடித்து எழும்போது என் வேலை நாள் முடிந்துவிடும். மாமா சாப்பிட்டுவிட்டு மாத்திரையின் அசதியில் தூங்குவார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உடம்போடு இருந்த காலத்திலும் அதிகம் பேசமாட்டார் என்று கலை சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆகிறது. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்களைப் போல மரியாதையாக இருந்தோம். அவர் தூங்கியதும் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கீரப்பாளையம் பக்கம் போய்விடுவேன். வயல்களுக்கு நடுவே அகலமான பாசன வாய்க்கால், ஒரு பழைய மதகு, அதன் கீழே மீன் ஒதுங்குகிற ஆழம். ஈப்போவிலிருந்து நான் கொண்டுவந்த பொருள்களில் எனக்கென்று இருந்தது ஒரு தூண்டில் கோல்தான்.

அந்தக் கோலைப் பிடிக்கக் கற்றது ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் மலையாறுகளில். அலுவலக நண்பர் ஆ மெங் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனார். இந்த வகைத் தூண்டிலில் புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. சின்னஞ்சிறு கொக்கியில் கோழி இறகையும் நூலையும் சுற்றி எறும்பு போலவோ வண்டு போலவோ ஒரு பொய்ப்பூச்சி கட்ட வேண்டும். அது மூழ்காமல் மிதக்க வேண்டும். அதனால் டிரை ஃப்ளை என்று பெயர். கனமான கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, ஈரத்தை உதறி, நிஜப் பூச்சி மரத்திலிருந்து தவறி விழுந்தது போல அதை நீரில் இறக்க வேண்டும். கீழிருந்து தெங்காஸ் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அதைவிட அரிதான கெலா. நாங்கள் போன இடங்களில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். மீனின் வாய் கிழியாமல் இருக்க, கொக்கியின் முள்ளை நசுக்கிவிட்டுத்தான் வீசுவோம். விடுவது அங்கே சட்டம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை.

கலைக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது ஈப்போவில்தான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு அவளும் என்னோடு ஆற்றுக்கு வந்தாள். பாறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தெங்காஸைப் பிடித்து விட்டபோது, "அதுக்கு வலிக்காதா?" என்று மட்டும் கேட்டாள். "தெரியல" என்றேன். அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் பேசாமல் பேசியது அவ்வளவுதான்.

கீரப்பாளையம் வாய்க்காலில் பெரும்பாலும் ஜிலேபி மீன்தான் கிடைக்கும், எப்போதாவது ஒரு நல்ல கெண்டை. பிடிப்பேன், விடுவேன். முதலில் வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "சார், புழு இல்லாம எப்பிடி மாட்டும்?" என்றார் ஒருவர். மீன் மாட்டியதும் சந்தோஷப்பட்டார். நான் அதை விட்டதும் முகம் மாறி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் நிற்பவர்கள் குறைந்தார்கள். பிறகு, எனக்குக் காரணம் தெரியாமலே, மரியாதை கூடியது. நான் வந்தால் ஆடு மேய்ப்பவர் ஆடுகளை மதகுப் பக்கம் விடாமல் திருப்பினார். டீக்கடையில் சர்க்கரை ஜாஸ்தியா குறைவா என்று கேட்டுப் போட்டார்கள்.

காரணத்தைச் சொன்னவர் அஞ்சலை அக்கா. மாட்டுக்குப் புல் அறுக்க வருகிறவர். எதிர்க்கரையில் இருந்தபடி நாங்கள் தலையசைத்துக்கொள்வோம். ஐப்பசி பிறந்த சமயம், ஒரு நாள் மாலை மதகைச் சுற்றி என் பக்கமே வந்தார். கையில் பிளாஸ்டிக் குடம். உள்ளே உயிரோடு ஒரு விரால் குட்டி.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. எம் பொண்ண காடாம்புலியூர்ல குடுத்திருக்கேன். அதுக்கும் உங்க ஊட்டுக்கார அம்மா மாதிரிதான், இன்னும் ஒண்ணும் தங்கல. நீங்க விடும்போது இதயும் சேத்து விட்டுடறீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "அக்கா, நான் எதுக்கு விடணும்?"

"கொழந்த வரம் வேண்டித்தான விடுறீங்க? ஊரே சொல்லுது."

"வேண்டுதல்லாம் ஒண்ணுமில்லக்கா. சும்மா பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி சார். வெளிய சொல்லக்கூடாதுன்னு இருக்கும். நான் கேக்கல." குடத்தை என் காலருகே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். விரால் குடத்துக்குள் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அவரை எவ்வளவு நேரம் நிற்கவைப்பது? குனிந்து குடத்தைச் சாய்த்தேன். அவர் கும்பிட்டார்.

மாதம் ஒரு முறை மாமாவைக் கடலூருக்கு மருத்துவரிடம் அழைத்துப் போவேன். பார்த்து முடித்ததும் திருப்பாதிரிப்புலியூரில் மாமாவின் தங்கை வீட்டில் சாப்பாடு. கலைக்கு அத்தை, எனக்குச் சின்னம்மா முறை. அஞ்சலை அக்கா குடம் கொண்டுவந்த அடுத்த வாரம் போனபோது, மோர் ஊற்றிக்கொண்டே சின்னம்மா கேட்டார். "எத்தினி ஆயிடிச்சி மாப்ள? ஆயிரத்தெட்டாமே?"

"என்ன சின்னம்மா ஆயிரத்தெட்டு?"

"வேண்டுதலுக்கு விடற மீனுதான். நல்ல காரியம், நான் ஒண்ணும் சொல்லல. இந்தக் காலத்துல எந்த ஆம்பள பொண்டாட்டிக்காக இப்பிடி வெயில்ல நிப்பாரு? கலைகிட்ட சொன்னேன்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் ஸ்பூன் நின்றுபோயிருந்தது.

வாடகைக் காரில் திரும்பினோம். வீட்டு வாசலில் கைத்தடியை ஊன்றி இறங்கிய மாமா, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "மருந்துக் கடையில கேட்டானுங்க. ஒம் மருமவன் வாய்க்கால்ல நின்னுக்கினு கயித்த வீசறாரே, மூள கீள சரியில்லியான்னு. பொண்டாட்டி சம்பாரிக்குது, இவரு வெளயாடறாருன்னு சிரிச்சானுங்க." மூச்சு வாங்கினார். "எனக்குத் தாங்கல. வாயில வந்துது. வேண்டுதல்டான்னு சொல்லிட்டேன்." பிறகு, "தப்பா?" என்றார்.

"இல்ல மாமா" என்றேன். எனக்காக இந்த ஊரில் ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார். அது என்னை நிமிரவைத்ததா, இன்னும் தனியாக்கியதா என்று அன்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கலைக்கு விடுமுறை. வழக்கமாக அப்பாவிடம் பேசிவிட்டுத்தான் என்னிடம் வருவாள். அன்று முதலில் என்னைக் கூப்பிட்டாள். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"அத்த சொன்னாங்க" என்றாள்.

"ம்."

"நெசமாவே வேண்டிக்கிட்டீங்களா?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அப்பா சொன்ன பொய்யை நான் இன்னொரு முறை சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஆற்றங்கரையில் அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. அவளிடம் மட்டும் இல்லாததைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்ல கலை. அங்க செஞ்ச மாதிரிதான். சும்மா."

அவள் பின்னால் குளிர்சாதனம் ஓடும் சத்தம் கேட்டது. "சரி" என்றாள். பிறகு, ஏற்கனவே முடிவு செய்து வைத்திருந்ததைச் சொல்லும் குரலில், "நான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேங்க" என்றாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். அங்க வந்தா எல்லாரும் என் வயித்தத்தான் பாப்பாங்க. இங்க யாரும் என்னப் பாக்கறதில்ல. எனக்கு அது நல்லா இருக்கு. நீங்க வேணா ஈப்போவுக்குப் போயிடுங்க. அப்பாவுக்கு ஒரு ஆள வச்சிக்கலாம். நான் கோவிச்சிக்க மாட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவள் வேலைக்காகப் போனவள் இல்லை. தன் சொந்த ஊரிலேயே நிற்க இடமில்லாமல் போனவள். அவள் நிற்க முடியாத அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். "மழை முடியட்டும், பாப்போம்" என்றேன். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியாது.

அடுத்த நாள் முழுக்க மழை. அதற்கடுத்த நாள் வெயில் அடித்து, பிற்பகலில் காற்று அசையாமல் நின்றது. ஈசல் கிளம்பும் என்று தெரு பேசிக்கொண்டது. வேலை முடிந்ததும் கூடத்தில் மேஜையைப் போட்டுக்கொண்டு ஈசல் போல ஒரு பொய்ப்பூச்சி கட்ட உட்கார்ந்தேன். கோழிக்கடையில் வாங்கி வந்த செம்பழுப்பு இறகு, பழுப்பு நூல், மெல்லிய பாலிதீனில் வெட்டிய இறக்கைகள். மாமா அன்று தூங்கவில்லை. தடியை ஊன்றி வந்து எதிரில் உட்கார்ந்தார். நூல்கண்டு உருண்டு ஓடியபோது, இடது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். நான் கட்டி முடிக்கும்வரை விடவில்லை. "கலை போன் பண்ணுச்சி" என்றார் நடுவில். நான் நிமிரவில்லை. "நீங்க போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார்.

வாய்க்காலுக்குப் போனபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வரப்பு வெடிப்புகளிலிருந்து ஈசல் புகைபோல எழுந்தது. தண்ணீரில் விழுந்தவற்றைக் கெண்டைகள் வட்டம் வட்டமாக வந்து தின்றன. பேராக்கில் நான் பார்த்த எந்த மாலையிலும் மீன்கள் இப்படி மேலெழும்பியதில்லை. என் பூச்சியை அவற்றின் நடுவே இறக்கினேன். இரண்டு ஈசல்களை விட்டுவிட்டு ஒரு கெண்டை என்னுடையதை எடுத்தது. முழங்கை நீளம் இருக்கும். கயிற்றின் நுனியில் கட்டிய நைலான் நரம்பு மெல்லியது என்பதால் அவசரப்படாமல் இழுத்தேன். அதற்குள் அது மிகவும் களைத்துவிட்டது. மதகின் கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில் நின்று கொக்கியைக் கழற்றினேன். விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்தது. அப்படிச் சாயும் மீனை ஓடுகிற தண்ணீருக்கு எதிராகத் தலையை வைத்து, அதற்குத் தெம்பு வரும்வரை வயிற்றின் கீழ் கையைக் கொடுத்துப் பிடித்திருக்க வேண்டும். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று முதல்முறையாக, ஏதாவது வேண்டிக்கொண்டால் என்ன என்று தோன்றியது. கேட்க ஒன்றாவது இருக்க வேண்டுமே. அவள் இங்கே வரவேண்டும் என்றா, நான் அங்கே போகவேண்டும் என்றா? அங்கே என்றால் தோஹாவா, ஈப்போவா? எந்தச் சாமியிடம், எந்த ஊர்க்காரனாக நின்று கேட்பது? கெண்டையின் செவுள் என் உள்ளங்கையில் மெதுவாகத் திறந்து மூடியது. அது என்னிடமும் இல்லை, வாய்க்காலிடமும் இல்லை.

எதிர்க்கரையில் அஞ்சலை அக்கா புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு, கைகூப்பியபடி நின்றுகொண்டிருந்தார்.

"போயிடிச்சா சார்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.