ஆர்கன் ஒலிக்கிறது

என் அம்மா மோரீன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருபது வருடம் தொலைக்காட்சிக்கு எழுத்து போட்டார். காது கேளாதவர்களுக்காகத் திரையில் வரும் சத்தங்களையும் இசையையும் ஆங்கிலச் சொற்களாக்குவது அவர் வேலை. 'சோகமான இசை' என்று எழுதும் புதியவர்களிடம், "சோகமா இல்லையான்னு பாக்கறவங்க முடிவு பண்ணட்டும். கேக்கறத எழுதுங்க" என்பார்.

அப்பாவுக்குக் காது கேட்காது. கெட்டில் விசில் முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை அம்மாதான் அவருக்கு எழுதிக் காட்டுவார்.

அம்மாவின் இறுதிச் சடங்கில் தேவாலயத்தின் ஆர்கன் இசை தொடங்கியதும் அப்பா என் முழங்கையை இடித்தார்.

"என்னடா கேக்குது?"

நான் ஒலிப் பொறியாளன். 'ஆர்கன். அறுபது டெசிபல்' என்று கைபேசியில் தட்டிக் காட்டினேன்.

"இது என்ன, கரண்ட் பில்லா?" அப்பாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'தாழ்ந்த ஆர்கன், மூச்சிரைப்பதுபோல். டோரீன் அத்தை எல்லோருக்கும் ஒரு வரி பிந்திப் பாடுகிறார், உரக்க.'

அப்பா சிரித்தார். "அவ எப்பவும் அப்படித்தான். எழுது, எழுது."

பாட்டு முடியும்வரை எழுதினேன். கடைசியில் 'இசை நின்றது' என்று எழுதி, கைபேசியை அவர் கையில் கொடுத்தேன்.

அப்பா கைபேசியைத் திருப்பித் தரவில்லை. அடுத்த வரிக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.