செத்தவீட்டுக்குப் போன தண்ணீர்க் கணினி

தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, வாங்குபவரிடம் சிரித்துக்கொண்டே கொடுப்பதுதான் என் தொழில். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நிஸ்தார் நானாவின் கடையில் கணினி கட்டிக் கொடுக்கிறேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் எந்த நேரம் ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நின்றுபோன படம்

கொட்டாஞ்சேனை ஜெரோம் அண்ணை செத்தவீடுகளை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரலையாகக் காட்டுகிறவர். ஒருநாள் மதியம் கடைக்கு வந்தவர் கதிரையில் இருக்கவும் இல்லை. போன வாரம் பிரேதம் வைக்கும் மலர்ச்சாலை ஒன்றில், சவப்பெட்டியை மூடும் நேரம் பார்த்து அவருடைய பழைய கணினி சூடேறி நின்றுவிட்டதாம். கனடாவில் இருந்த, இறந்தவரின் மகன் உறைந்துபோன படத்தைப் பார்த்தபடி "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம்.

எவ்வளவு சனம் கூடினாலும் சூடேறாத ஒரு கணினி தனக்கு வேண்டும் என்றார். தண்ணீரில் குளிரவைப்பது ஒரு வழி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீர்க் குழாய்களோடு ஒரு கணினி வான் வண்டியில் ஏறி, கொழும்பு வீதிகளில் குலுங்கிக் குலுங்கிப் போகவேண்டும். வேறு வழி பார்ப்போமா என்று இழுத்தேன்.

"தம்பி, கலியாணம் எண்டால் திரும்ப நிக்கச் சொல்லி எடுக்கலாம். பிரேதத்தை இன்னொருக்கா வைக்கச் சொல்ல ஏலாது" என்றார் அவர்.

காற்றுக்கு வழி

செத்தவீட்டுக் காற்று சாதாரணக் காற்று அல்ல. சாம்பிராணிப் புகை, விளக்கெண்ணெய்ப் பிசுக்கு, பூ, சனத்தின் மூச்சு எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகளுக்கு இரட்டை வலை போட்டேன். தண்ணீர் கொண்டுவரும் சூட்டை வெளியே தள்ளும் விசிறிகளைப் பெட்டியின் மேல்பக்கம் வைத்தேன். சூடு மேலே போவதுதானே இயல்பு. திட்டம் கடதாசியில் அழகாகத்தான் இருந்தது.

வந்து சேர்ந்த விசிறிகளைப் பூட்டி ஓடவிட்டால், சிவப்பு, பச்சை, நீலம் என்று வானவில்லே சுழல்கிறது. வேறு விசிறி இல்லையா என்று நிஸ்தார் நானாவிடம் கெஞ்சினேன். அவர் வாங்கும் இடம் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டுப் போனை மேசையில் வைத்தார்.

"லைட் இல்லாத ஃபான் இப்ப எங்க ஈக்கி? இந்தக் காலத்துல காத்தும் கலராத்தான் வருது."

ஈரமான டிசு

தண்ணீர் ஊற்றியதும் கணினியை இயக்கக் கூடாது. பம்பை மட்டும் தனியே ஓடவிட்டு, குழாய் பொருந்தும் ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிசுக் கடதாசி வைத்துக் காத்திருக்கவேண்டும். டிசு காய்ந்திருந்தால் பிழைத்தோம். நனைந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். இந்தக் காத்திருப்பைப்போல் மனுசனைத் தின்கிற வேலை வேறு இல்லை. கடைக்கு வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் மாறிப் பதில் சொன்னேன்.

பின்னேரம் குனிந்து பார்த்தபோது நடு டிசுவில் ஒரு துளி. மூட்டைத் தடவினேன், காய்ந்திருந்தது. டிசுவை மாற்றி வைத்துக் குனிந்தேன், மறுபடி ஒரு துளி. பெட்டி முழுவதையும் கழற்றத் திருப்புளியை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நிஸ்தார் நானா தன் கைலேஞ்சியை எடுத்து என் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"பைப்பு ஒழுகல்ல தம்பி, நீங்கதான் ஒழுகுறீங்க."

வெள்ளைத் துணி

முதல் வேலைக்கு என்னையும் வரச் சொன்னார் ஜெரோம் அண்ணை. ஒரு மலர்ச்சாலையில் வெள்ளவத்தைக்காரர் ஒருவரின் தாயார் கிடத்தப்பட்டிருந்தார். மகள் பிரான்சில். அகதி வழக்கு முடியாததால் அவரால் அந்த நாட்டைவிட்டு வெளியே வரமுடியாது. தாயின் முகத்தை அவர் கடைசியாகப் பார்ப்பது எங்கள் கமராவில்தான். மகளின் அழுகை ஒலிபெருக்கி வழியே மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

விசிறி விளக்குகளைக் கடையிலேயே அணைத்திருந்தேன். ஆனால் மண்டபத்தில் கணினியை இயக்கியதும் அது அந்தக் கட்டளையை மறந்து, பிரேதத்தின் தலைமாட்டுப் பக்கம் வானவில்லைச் சுழற்றத் தொடங்கிவிட்டது. நேரலை போய்க்கொண்டிருக்கும்போது அதை நோண்ட எனக்குத் துணிவு வரவில்லை. தேவாரம் பாடியவர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இறந்தவரின் தங்கை எழுந்து வந்து, மடித்த வெள்ளை வேட்டி ஒன்றை உதறிக் கணினியின்மேல் முழுவதுமாகப் போர்த்தினார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. அக்கா படுத்திருக்கிற இடத்தில டிஸ்கோ வேண்டாம்."

மூடும் நேரம்

அவர் சொன்னதில் என்ன பிழை? ஆனால் துணிக்குக் கீழே என் விசிறிகள் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தன. திரையின் மூலையில் சூட்டுக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. எழுபதில் பார்த்தேன், எண்பதில் பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டினால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும். துணியின் ஒரு நுனியை மெல்லத் தூக்கினேன். அந்தத் தங்கை என்னைப் பார்த்தார். விட்டுவிட்டேன்.

வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். "கிட்டக் காட்டுங்கோ, அம்மாவைக் கிட்டக் காட்டுங்கோ" என்றார் மகள். ஜெரோம் அண்ணை கமராவோடு முகத்துக்கு நெருங்கினார். படம் ஒரு கணம் திக்கியது. இந்தப் பிள்ளைக்கு இனி ஒரு சந்தர்ப்பம் கிடையாது என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. துணியை இழுத்து எறிந்தேன்.

சிவப்பும் நீலமும் பச்சையும் பிரேதத்தின் முகத்திலேயே போய் விழுந்தன. மண்டபமே திரும்பிப் பார்த்தது. சூடு இறங்கத் தொடங்கியதை நான் ஒருவன்தான் பார்த்தேன். இறந்தவரின் தங்கை துணியைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி வந்தார். குறுக்கே நின்றேன். அப்போது ஒலிபெருக்கியில் மகளின் குரல் வந்தது.

"சித்தி, மூடாதேங்கோ. ஒவ்வொரு வெசாக் பண்டிகைக்கும் அம்மா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வீதியில கலர் லைட் பார்க்கப் போறவா. அவவின்ரை முகத்தில இந்தக் கலரைத்தான் நான் எப்பவும் பார்த்தனான். இருக்கட்டும்."

சவப்பெட்டி மூடும்வரை படம் நிற்கவில்லை என்பதற்காக இன்றைக்கும் ஜெரோம் அண்ணை என்னைத் துணிச்சல்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அந்த நேரம் அவருடைய கமரா என் முழங்கால் பக்கம் திரும்பாமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ தெரியாது.