செவிலிமேட்டில் ஒரு பாய்மரப் படகு

போன செவ்வாய்க்கிழமை. கடைவாய்ப் பல்லில் ஓட்டையோடு ஒருவர் என் கிளினிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாயை அகலமாகத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை உள்ளே விட்டேன். அந்த நிலையிலும் அவருக்கு ஒரு சந்தேகம். கையைத் தூக்கி என்னை நிறுத்திவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"டாக்டரம்மா, நீங்க கப்பல் வாங்கிக்கினீங்களாமே, நெஜமா?"

கப்பல் இல்லை. படகு. பதினெட்டு அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு. அதை ஏற்றிக்கொள்ள இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் உண்டு. காருக்குப் பின்னால் மாட்டி எந்தத் தண்ணீருக்கும் இழுத்துப் போகலாம்.

சரி, காஞ்சிபுரத்தில் இருக்கும் பல் டாக்டருக்குப் படகு எதற்கு? கடல் இரண்டு மணி நேர தூரம். பக்கத்தில் ஓடும் பாலாற்றிலோ பெரும்பாலும் மணல்தான் ஓடுகிறது. நியாயமான கேள்வி. அவருக்கு ஊசி போட்டு வாய் மரத்துவிட்டதால் பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

புதுச்சேரியில் ஜோசப் சார் என்று ஒருவர். கப்பலில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். என் கணவர் சேகரின் நண்பருக்குப் பக்கத்து வீடு. நண்பர் வீட்டு விருந்துக்குப் போனபோதுதான் ஜோசப் சார் வீட்டு மாமரத்தடியில் தார்ப்பாய் மூடிக் கிடந்த அந்தப் படகைப் பார்த்தேன். அவர் பெங்களூரில் மகளோடு குடியேறப் போகிறார். அங்கே மூன்றாவது மாடி ஃபிளாட். படகை எங்கே நிறுத்துவார்?

தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். ஃபைபர் உடம்பு. முன்பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, சுற்றிலும் வெடிப்பு. நான் விரலை விட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் கெட்டியாக இருந்தது. கெட்டுப்போனதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தம் செய்து அடைத்துவிடலாம்... இருபத்தாறு வருடமாக நான் பார்க்கும் வேலையே அதுதானே?

"சார், இதை நான் எடுத்துக்கறேன்."

சொன்னது என் வாய்தான். சேகர் திரும்பி என்னைப் பார்த்தார். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டவரின் பார்வை அது.

படகு செவிலிமேட்டுக்கு வந்து சேர்ந்த அன்று தெருவே வாசலில் நின்றது. "தெப்பத்துக்கு உபயமா மேடம்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். கயிறுகளில் சிக்கெடுக்க அவற்றைத் தெருவில் நீளமாக விரித்தேன். சைக்கிளில் போன நெசவாளர் ஒருவர் காலை ஊன்றி நின்றார். "தறிக்குப் பாவு நீட்டறீங்களாம்மா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் எதை நீட்டினாலும் ஒரு முனையைப் பிடித்தே ஆக வேண்டும் இந்த ஊர்க்காரர்களுக்கு.

ஒரு மாதம் வேலை பார்த்தேன். ரெசினும் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரும் கலந்து, ஃபைபர் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தேன். என் நோயாளிகளைப் போல நடுவில் எழுந்து துப்பாத, 'இன்னும் எவ்ளோ நேரம் டாக்டர்?' என்று கேட்காத ஒரு வாய். அவ்வளவு நிம்மதி. கிழிந்த பாயை லாரி தார்ப்பாய் தைக்கும் பாய் ஒருவர் தைத்துக் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது பாய்மரம். பெயரில்தான் மரம், அது இருபது அடிக்கு மேல் நீளமான அலுமினியக் குழாய். அடிப்பாகத்தைப் படகின் மேல் ஊன்றி ஒருவர் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். இன்னொருவர் எதிரில் நின்று கயிற்றை இழுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலிலேயே அதை நிமிர்த்திப் பார்க்க முடிவு செய்தோம். நான் படகின் மேல் நின்று தள்ளினேன். சேகர் தெருவில் நின்று இழுத்தார். பாதிக்கு மேல் எழுந்துவிட்டது. என் கண் எங்கே இருந்தது? குழாயின் அடியில். சேகரின் கண்? நான் விழுந்துவிடுவேனோ என்று என் மேல்.

அப்போதுதான் கவிதா வந்தாள்.

கவிதா, சேகருடைய தம்பியின் மனைவி. என் ஓரகத்தி. இரண்டு தெரு தள்ளி வீடு. திருப்புட்குழியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் என்னோடு ஒன்பது நிமிடம் பேசியிருப்பாளா? சந்தேகம்தான். சண்டையெல்லாம் கிடையாது. விசேஷத்துக்கு வருவாள், பரிமாறுவாள், போய்விடுவாள். எங்கள் வீட்டில் எதையாவது கொடுக்க வந்தால் ஸ்கூட்டியை ஆஃப் செய்யக்கூட மாட்டாள். கேட்டுக்கு வெளியே நின்று கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். கர்வம் பிடித்தவள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அன்று குலதெய்வம் கோயில் பிரசாதம் கொண்டுவந்திருந்தாள். ஸ்கூட்டி வரும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, ஸ்கூட்டி கீழே விழுந்த சத்தம்.

"மாமா, இழுக்காதீங்க. அப்பிடியே நில்லுங்க. மேல கரண்ட் கம்பி போவுது."

அண்ணாந்து பார்த்தேன். குழாயின் நுனிக்கும் மின்கம்பிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்குமா? இருந்திருக்காது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு...

கவிதா அதற்குள் படகில் ஏறிவிட்டாள். என் தோளுக்குப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்தாள். "மெதுவா எறக்குங்கக்கா. அவசரமில்ல. நான் புடிச்சிக்கினு இருக்கறேன்." கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். குழாய் படகின் மேல் படுத்ததும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க ஊர்ல போர் பைப்பு கழட்டறப்போ இப்பிடித்தான்கா நிமித்தனாங்க. எங்க சித்தப்பா பையன்..." என்றாள். மறுபடி அண்ணாந்து அந்தக் கம்பியைப் பார்த்தாள். தெருவில் சர்க்கரைப் பொங்கல் சிதறிக் கிடந்தது.

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக உள்ளே வந்து காபி குடித்தாள். குடித்து முடித்ததும், "தெருக்கோடி காலி மனைல கம்பி கெடையாது. அங்க வெச்சி நிமித்துங்க" என்றாள்.

அந்தத் தெருக்கோடி, கார் நின்ற நிலைக்குப் பின்பக்கம் இருக்கிறது. காரைத் திருப்பத் தெருவில் இடமில்லை. ரிவர்ஸிலேயே படகைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நீங்கள் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்ததுண்டா? ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். சரி என்று வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போகும். சேகர் வியர்க்க வியர்க்க முயற்சி செய்தார். படகு ஒருமுறை எதிர்வீட்டு கேட்டை நலம் விசாரித்துவிட்டு வந்தது. காருக்கு முன்னால் வழி கிடைக்காமல் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் தண்ணீர் கேன் வண்டி. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"மாமா, சாவியக் குடுங்க" என்றாள் கவிதா.

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள். ஒரே மூச்சு. தெரு நீளத்துக்கும் நேர்க்கோடு போட்டதுபோல் படகு பின்னாலேயே போனது. கோடியில் ஒரு வளைவு வளைந்து காலி மனைக்குள் நின்றது. ஷேர் ஆட்டோ டிரைவர் இறங்கி நின்று கை தட்டினார்.

நான் மூச்சிரைக்க ஓடிப்போய், "எங்க கத்துக்கிட்ட கவிதா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள்.

"டிராக்டர்லதான்கா. எங்கப்பாவுக்கு நெல்லு லோடெல்லாம் நான்தான் ஓட்டுவேன். ஒங்களுக்குத் தெரியுமே. பொண்ணு பாக்க வந்தப்போ நீங்கதான சொன்னீங்க... பொண்ணு டிராக்டர் ஓட்டுதாம், கட்டிக்கினு போனா நம்ம தெருவ உழுதுக்கலாம்னு."

சொன்னேனா?

சொன்னேன். கையில் கேசரித் தட்டு. பக்கத்தில் என் நாத்தனார். அவள் காதோடு சொன்னதாக நினைப்பு. உள் அறையின் கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இருவரும் சிரித்தோம். அந்த வாக்கியம் எனக்கு அன்று சாயங்காலமே மறந்துவிட்டது. கவிதா அதை ஒன்பது வருடம் சுமந்திருக்கிறாள்.

பல்வலியில் ஒரு வேடிக்கை உண்டு. மேல் பல் வலிக்கிறது என்று வருவார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கோளாறு கீழ்ப் பல்லில் இருக்கும். அவள் முகத்தில் தெரிந்ததைக் கர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே... சொத்தை என் வாயில் இருந்திருக்கிறது.

"தப்புதான் கவிதா. சிரிக்கறதுக்குச் சொன்னேன். ஆனா சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

அவள் காரிலிருந்து இறங்கினாள். கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தண்ணில எறக்கறப்பவும் ரிவர்ஸ்லதான போவணும்?"

"ஆமா."

"மாமா எடுத்தாருன்னா படகு கரையில நிக்கும், காரு தண்ணிக்குள்ள போயிடும். நான் வரேன்க்கா."

வந்தாள். இரண்டு வாரம் கழித்து, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் உப்பங்கழி. இடுப்பளவு ஆழம்தான். அங்கே மீன் பிடிப்பவர்களிடம் முன்பே போய்க் கேட்டு, வலை கட்டாத பக்கம் எது என்று தெரிந்துவைத்திருந்தோம். ஜோசப் சார் பெங்களூர் போவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு எங்களுக்குக் கற்றுத்தர வந்திருந்தார். கவிதா காரைப் பின்னால் எடுத்தாள். டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கியது. படகு லேசாக அசைந்து, தானாக மிதந்தது.

மூன்று பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறினோம். சேகர் கரையில் நின்று போட்டோ எடுப்பதாகச் சொல்லிவிட்டார். தண்ணீர் என்றால் அவருக்கு ஒரு பக்கெட் போதும். நான் உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது, அடைத்த இடத்தை. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பத்து நிமிடம் கழித்தும் தொட்டேன். ஒரு சொட்டு வரவில்லை. என் தொழிலில் இவ்வளவு பெரிய ஃபில்லிங் நான் செய்ததில்லை.

பிறகு ஜோசப் சார் பாயை ஏற்றினார். படபடவென்று அடித்துக்கொண்ட துணி, சட்டென்று அடங்கிப் புடைத்தது. இன்ஜின் இல்லை, புகை இல்லை. அடியில் தண்ணீர் சளசளவென்று பேச, படகு போய்க்கொண்டே இருந்தது.

படகுக்கு ஸ்டியரிங் கிடையாது. பின்னால் சுக்கானோடு சேர்ந்த ஒரு கட்டைதான். அதை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். நான் பிடித்தேன். படகு பாம்பு போல நெளிந்தது. ஜோசப் சார் பெருமூச்சு விட்டார். கவிதா பிடித்தாள். நெளிவு நின்றது.

"டிராக்டர் ரிவர்ஸ் மாதிரியேதான் இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஜோசப் சார் கரையில் இறங்கிக்கொண்டார். "இந்தப் பொண்ணு இருக்கும்போது நான் எதுக்கு? சேகர், சாப்பாட்டக் காட்டுங்க" என்றார்.

நாங்கள் இருவர் மட்டும் மறுபடி கிளம்பினோம். உப்பங்கழியின் நடுவே வந்ததும் காற்று நின்றுவிட்டது. பாய், கொடியில் காயும் வேட்டி போலத் தொங்கியது. துடுப்பு எங்கள் காலடியிலேயே கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். இருவரும் எடுக்கவில்லை.

பேசினோம். கால் எட்டாத வயதில் நின்றுகொண்டே டிராக்டர் ஓட்டியதை அவள் சொன்னாள். மகள் வயிற்றில் இருந்தபோது ஈறு வீங்கி ரத்தம் வந்து, என்னிடம் வரப் பிடிக்காமல் சென்னை வரைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இதே குடும்பம் என்னைப் 'பல்லு புடுங்கி' என்று கூப்பிட்டுச் சிரித்ததையும், அன்று ராத்திரி முழுக்க அழுததையும் நான் சொன்னேன்.

"ஒங்களையுமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். படகு குலுங்கக் குலுங்கச் சிரித்தோம்.

பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த போன் அடித்தது. சேகர்.

"என்ன, காத்து வந்துடுச்சா? ஜோசப் சார் புளிசாதத்த முடிச்சிட்டாரு. தயிர் சாதமாவது ஒங்களுக்கு வேணும்னா சீக்கிரம் வாங்க."

கவிதா போனை என் கையிலிருந்து வாங்கினாள். தலைக்கு மேல் பாய் ஒருமுறை சிலிர்த்து, மெல்லப் புடைத்துக்கொண்டிருந்தது. படகு நகர ஆரம்பித்துவிட்டது. அவள் சுக்கான் கட்டையைத் தள்ளி, கரைக்கு எதிர்ப்பக்கமாகப் படகைத் திருப்பினாள்.

"இன்னும் வரல மாமா" என்றாள்.