லாரிக்கு அடியில் சோலார் பேனல்

"டீச்சர், நெசமாத்தான் ஏத்தச் சொல்றீகளா? கண்ணாடி நொறுங்குனா என்னையச் சொல்லக்கூடாது" என்றார் லாரி டிரைவர் கருப்பையா. ஜல்லி லோடோடு வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். ரோட்டுக்குள்ளேயே பேனலைப் பதித்துக் கரண்ட் எடுக்க முடியுமா என்று எனக்கு ஒரு கேள்வி. பிரின்சிபால் சிரிக்கவில்லை. "செஞ்சு பாருங்க ஸ்டெல்லா. முடியும்னாலும் முடியாதுன்னாலும் எனக்கு ரிப்போர்ட் வேணும்" என்றார். காலேஜ் கேட்டுக்குள் வரும் ரோட்டில் குழி வெட்டி, கான்கிரீட் தொட்டி கட்டி, முப்பத்தைந்து வாட் பேனலை இறக்கி, தடித்த கண்ணாடியால் மூடினோம். ரோட்டோரம் ஒரு பெஞ்சில் பேட்டரியும் அம்மீட்டரும்.

"ஏத்துங்கண்ணே!"

முன்சக்கரம் ஏறியது. இரண்டு ஆம்பியரை ஒட்டி நின்ற முள், லாரி நிழல் விழுந்ததும் சடாரென்று கீழே போனது. போச்சு என்று நினைத்தேன். வண்டி தாண்டியதும் முள் எழும்பிப் பழைய இடத்துக்கே வந்தது! என்னை மறந்து கத்திவிட்டேன். கருப்பையா குதித்து இறங்கி ஓடிவந்து கண்ணாடியைத் தடவினார். "கீறல்கூட இல்ல டீச்சர்!"

அன்று ராத்திரிக்குள் குன்றக்குடி வரை ரோடு முழுக்க மனசுக்குள் பேனல் போட்டு முடித்துவிட்டேன்.

அடுத்த ஒரு மாதம் தினமும் உச்சிவெயிலில் ரீடிங் எடுத்தேன். செம்மண் தூசி படிந்தால் ஆம்பியர் இறங்கும், துடைத்தால் ஏறும். போகப்போக டயர் மணல் உரசிக் கண்ணாடியே மங்கியது. துடைத்தும் ஏறவில்லை. அதற்கும் ஒரு வழி இருக்கும் என்றுதான் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் மழை பெய்தது. மொபெட்டில் வந்த கணக்கு டீச்சர் மீனாட்சி கண்ணாடிமேல் சறுக்கி விழுந்தார். முழங்கையில் ரத்தம். நான் தூக்கிவிட்டபோது, "ஏன் ஸ்டெல்லா, ரோடு நாம போறதுக்கா, உன் மீட்டருக்கா?" என்றார்.

அன்று மாலையே பேனலைப் பெயர்த்து எடுத்தேன். 'இந்தக் கண்ணாடியோடு ரோட்டில் முடியாது, கூரையில் முடியும்' என்று ரிப்போர்ட் எழுதினேன். சைக்கிள் ஷெட் கூரையில் அதே பேனல் இரண்டு ஆம்பியரைத் தொட்டதையும் சேர்த்தேன்.

என் சர்வீஸில் நான் எழுதியவற்றில் எனக்குப் பெருமையான ரிப்போர்ட் அதுதான். புதிதாக ஏதாவது செய்து பார்க்கப்போகிறவர்களே, ஆசையோடு செய்யுங்கள். ஆனால் அதன்மேல் போகப்போகிற ஆளை முதல் நாளே கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.