ஸ்டாப்பர் அண்ணன் மறுபடி ஆடிய நாள்

ஐந்தாம் எண் ஜெர்சி நாலு வருஷத்துக்கு மேல் என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், பாச்சை உருண்டையோடு கிடந்தது. நீலத் துணியில் வெள்ளை எண். எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு என் வீட்டுக்காரர்தான் செயலாளர். பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பந்துக்குக் காற்றடிப்பதும், அடித்துக்கொண்டவர்களைச் சமாதானம் பண்ணுவதும் அவர் வேலை. எல்லா ஜெர்சியையும் துவைத்துக் காயப்போடுவது என் வேலை. எனக்கும் கால்பந்துக்கும் இருந்த உறவு சோப்புத் தண்ணீரோடு சரி. மைதானத்துப் பக்கம் பெண்கள் போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதாக நினைவில்லை, யாரும் போனதாகவும் நினைவில்லை. ஆனாலும் அழுக்கைப் பார்த்தே யார் ஓடினார்கள், யார் சும்மா நின்றார்கள் என்று சொல்லிவிடுவேன். ஐந்தாம் எண் சட்டையில்தான் எப்போதும் மண் அதிகம். அதைப் போட்டவர் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிற எதிராளிகளை மடக்குகிறவர். அந்த இடத்துக்கு ஸ்டாப்பர் என்று பெயர். ஊருக்கே அவர் ஸ்டாப்பர் அண்ணன்.

சட்டை பெட்டிக்குப் போன கதை நல்ல கதை இல்லை. மாதா திருவிழாக் கோப்பையின் கடைசி ஆட்டம், ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரோடு நடந்தது. ஆட்டம் முடிந்த பிறகு வாய்ச்சண்டை கைச்சண்டை ஆனது. அண்ணன் அந்த ஊர் ஆட்டக்காரர் ஒருவரை இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினார். அவர் மல்லாக்க விழுந்தார். கோல் கம்பத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லில் தலை பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. தள்ளினதுதானே என்றார்கள் எங்கள் ஊரில். தள்ளினதால்தானே என்றார்கள் அந்த ஊரில். கோர்ட்டு அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பியது. அவருடைய சட்டையை வேறு யாரும் போட்டுக்கொள்ள முன்வராததால் அது என் பொறுப்புக்கு வந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தொடக்கத்தில் அவர் வெளியே வந்தார். செங்கல் சூளையில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். சாயங்காலம் ஆனால் மைதானத்து வேலிக்கு வெளியே வந்து நிற்பார், இருட்டியதும் போய்விடுவார். அந்த மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் போலீஸ். நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவதாக ஒரு காக்கிச்சட்டை வந்து விசாரிக்கும். கோடைக்காலப் போட்டி நின்றுபோனது. ஊர்ப் பிள்ளைகள் புலம்பித் தீர்த்தார்கள். வேலிக்கு வெளியே நிற்பதும் போய்விட்ட பிறகும் ஸ்டாப்பர் அண்ணன் மட்டும் புலம்பவில்லை.

ஒருநாள் நான் ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, அந்தச் சட்ட கீதா?" என்று கேட்டார். "பத்திரமா கீதுண்ணே" என்று மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார், முகத்தருகே கொண்டுபோனார், பாச்சை உருண்டை நெடியில் அடுக்கடுக்காகத் தும்மினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு அதை மடித்து, நான் வைத்திருந்ததைவிட ஒழுங்காக மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி சோறு போடும்போதே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், இந்தத் திருவிழாவுக்கு அவர் ஆடியே ஆகவேண்டும் என்று.

சொல்வது சுலபம். மாதா கோயில் வளாகத்தில் கூட்டம் போட்டார்கள். தண்டனை அனுபவித்தாகிவிட்டது, இன்னும் எத்தனை தடவை தண்டிப்பது என்று பாதிப் பேர். அந்த மண்ணிலேயே மறுபடி ஓடுவதற்குக் கூசாதா என்று பாதிப் பேர். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யார் பேசினாலும் அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது: அவன் இறங்கினால் எங்கள் பிள்ளைகள் இறங்க மாட்டார்கள். கடைசியில் எங்கள் பங்குச் சாமியார்தான் கேட்டார். "நீங்க பேசறீங்க, அவங்க பேசறாங்க. செத்துப்போனவரோட சம்சாரத்த யாராச்சும் போய்க் கேட்டீங்களா?" ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை.

கேட்கப் போவதற்கு ஆம்பிளைகளுக்குத் தைரியம் வரவில்லை. என்னைத் துணைக்கு அழைத்தார்கள். அந்த அக்கா பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கப் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார், விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக் கனைத்து விஷயத்தைச் சொல்லி முடித்தார். அக்கா திட்டுவார், அழுவார், வெளியே போ என்பார் என்று நான் மூன்றுக்கும் தயாராக இருந்தேன். அவரோ, புதுச்சேலைக்கு விலை கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"அந்த ஆட்டம் எவ்ளோ நேரம் நடக்கும்?"

ஒன்றரை மணி நேரம் என்று சொன்னோம்.

"நா ஒரு நாளு கூடப் பாத்ததில்ல. எங்கூட்டுக்காரு கண்ணாலம் ஆன மறுவாரமே என்னை வுட்டுட்டு ஆடப் போனாரு. அதுக்கோசரமே செத்தும் போனாரு. அதுல அப்டி இன்னாதான் கீதுன்னு நா பாக்கணும். அந்த ஆளும் ஆடட்டும், எங்கூரு பசங்களும் ஆடட்டும், நா சொல்லிக்கறேன். பாத்துட்டு, அவரு மேக்கொண்டு ஆடலாமா வாணாமான்னு சொல்றேன்."

திரும்பி வரும்போது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அந்தச் சட்டையைக் கையில் கசக்கியிருக்கிறேன், எனக்கு ஏன் இந்த ஆசை வரவில்லை?

ஸ்டாப்பர் அண்ணன் விஷயத்தைக் கேட்டதும், "அவங்க வராங்கன்னா நா வரல" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, சூளையில் அடுத்த லோடுக் கல்லை லாரியில் அடுக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி வெயில். அக்கா கறுப்புக் குடையோடு வந்தார். துணைக்கு நான். ஊர் முழுக்க எங்களைத்தான் பார்த்தது, ஆட்டத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. மைதானத்துக்கே ஒரு பெஞ்சு, அதில் நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். அக்கா முதலில் ஆட்டக்காரர்களின் காலைத்தான் பார்த்தார். "பாதிப் பேரு ஷூல தையலு வுட்டுக் கீது" என்றார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. அவர் ஏன் ஊதுகிறார், இவர் ஏன் கையால் எடுக்கிறார், அவர் மட்டும் ஏன் வேறு நிறம். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது உளறிக்கொண்டிருந்ததெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் உதவியது.

ஆனால் ஸ்டாப்பர் அண்ணன் ஆடவில்லை. நின்றார். எதிராளி பந்தோடு வந்தால் ஒதுங்கி வழி விட்டார். தோள் உரசும் தூரம் வந்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்தடுத்து இரண்டு கோல் விழுந்தன. எங்கள் ஊர்க்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"அந்த ஆளுக்கு இன்னா வேல?" என்று அக்கா கேட்டார்.

"வர்றவங்கள மடக்கறதுதான், அக்கா."

"அப்ப ஏன் மடக்கல?"

எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். இடைவேளைக்கு ஊதியதும் அக்கா எழுந்தார். எலுமிச்சம்பழத் துண்டை உறிஞ்சியபடி பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம ஓ.டி. வேலைய வுட்டுட்டு வந்துகீறேன், நீ சும்மா நிக்கறதப் பாக்கறதுக்கா?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "எங்கூட்டுக்காரரு எதிர்ல இப்டித்தான் நின்னியா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அவரு எதிர்ல எப்டி ஆடுனியோ அப்டி ஆடு. அதத்தான் நா பாக்கணும்."

அப்புறம் ஆடினார். நான் அதற்குப் பின்னால் எத்தனையோ ஆட்டம் டிவியில் பார்த்துவிட்டேன். என் கண்ணுக்கு அந்த முக்கால் மணி நேரத்தைவிட எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், வலது ஓரமாக வேகமாக வந்தான். அண்ணன் குறுக்கே சரிந்து பந்தைக் காலால் தட்டிவிட்டார். பையன் அவர் மேல் இடறித் தலைகுப்புற விழுந்தான். நடுவர் விசிலைக்கூட வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அக்காவின் விரல் என் கையில் அழுந்தியது, பிளாஸ்திரி சொரசொரவென்று இருந்தது. பையன் எழுந்தான், முழங்கால் மண்ணைத் தட்டினான், "இன்னாண்ணா, கண்ணு தெரியலியா?" என்று கத்திவிட்டுப் பந்துக்குப் பின்னால் ஓடினான்.

"எழுந்துட்டான்" என்றார் அக்கா. பிறகு, என்னிடம் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "வுழுந்தா எழுந்துக்கறாங்க" என்றார். குடையை முகத்துக்கு மறைவாகச் சாய்த்துக்கொண்டார். நானும் அழுதேன். ஏன் மறைக்கவேண்டும்.

இப்போது அந்த மைதானம் ஒரு கம்பெனியின் மதிலுக்குள் போய்விட்டது. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. போன மாதம் டிவியில் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரைக் காட்டினார்கள். ஓர் உயிர் போகக் காரணமாகி ஜெயிலுக்குப் போய் வந்தவரைக் குழுவில் சேர்க்கலாமா கூடாதா என்று விவாதம். என் மகனும் அவனுடைய ஷிப்டு நண்பர்களும் அதை வைத்து ஹாலில் சண்டை. தண்டனை முடிந்துவிட்டது என்றான் ஒருவன், போன உயிர் வருமா என்றான் இன்னொருவன். கோயில் வளாகத்துச் சுவருக்குப் பின்னால் நான் கேட்ட அதே வார்த்தைகள், அதே சூடு. டீ கொடுத்துக்கொண்டே, "செத்தவரு வூட்டுப் பொம்பளய யாராச்சும் கேட்டாங்களாடா?" என்றேன். "டிவில அதெல்லாம் சொல்லலம்மா" என்றான்.

நாங்கள் கேட்டோம். அன்று ஆட்டம் முடிந்து, தோற்றுப்போய், பஸ் நிறுத்தத்துக்கு அக்காவோடு நடந்தோம். என் வீட்டுக்காரர் முன்னால். ஸ்டாப்பர் அண்ணன் நனைந்த சட்டையோடு பின்னால். அக்காவின் ஊர் வழியாகப் போகும் பூந்தமல்லி பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் என் வீட்டுக்காரர், "அக்கா, பாத்துட்டுச் சொல்றேன்னீங்களே" என்று மெதுவாக இழுத்தார்.

"இன்னாத்த சொல்றது. அது ஒரு கெட்ட ஆட்டமா இருக்கும்னு நெனச்சிகினு வந்தேன். கெட்டதா இருந்திருந்தா தேவலாம். நல்லாத்தான் கீது." அவர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். "நீ ஆடு. எவனாச்சும் கேட்டா நா சொன்னேன்னு சொல்லு."

அண்ணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். "என்னை மன்னிச்சிட்டீங்களேக்கா" என்றார்.

பஸ் வந்து நின்றது. அக்கா ஒரு காலைப் படியில் வைத்தபடி அவரைப் பார்த்தார்.

"அத நா சொல்லல. ஆடுன்னுதான் சொன்னேன்."