வடலிக்குக் கொடுத்த வருஷங்கள்

பொறாமைக்கு வயது போகாது என்பதற்கு நானே சாட்சி. மற்றக் கோபங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஆறிவிட்டன. இது மட்டும், யாராவது கூடைப்பந்து என்று வாயெடுத்தால் போதும், வயிற்றைப் பற்றிக்கொண்டு எரிகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பட்டணத்தில் பாதிரிமார் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தேன். இணுவிலில் இருந்து சைக்கிளில் போய் வருவேன். ஆள் கட்டைதான். ஆனால் இரண்டு நெட்டையர்களுக்கு நடுவில் புகுந்து போய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு, அவர்கள் திரும்பிப் பார்க்குமுன் என் இடத்துக்கு வந்துவிடுவேன். பதினாறு வயதில் பள்ளி அணியின் முதல் ஐந்து பேரில் ஒருவனாக நின்றேன். விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பாதர். வெள்ளை அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு ஓடுவார். அவர் வாயால் ஒரு நல்ல சொல் வாங்குவதற்காக எத்தனையோ பின்னேரங்கள் இருட்டும்வரை பந்து எறிந்திருக்கிறேன்.

அப்படி இருக்கையில்தான் பாதர் ஒரு பெருநாள் பூசைக்கு மயிலிட்டிக்குப் போனார். கடற்கரையில் வலை இழுத்தவர்களின் வரிசையில் ஒரு தலை மட்டும் மற்றத் தலைகளுக்கு மேலே நின்றதாம். விசாரித்தால் பதினான்கு வயதுதான். பாதர் பூசையை முடித்த கையோடு தகப்பனைக் கண்டு கதைத்து, எங்கள் விடுதியில் இடமும் எடுத்துக் கொடுத்து, அடுத்த பள்ளித் தவணைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் வடலி. இன்னும் வளர்ந்து முடியாத பனைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வடலி ஆணோ பெண்ணோ என்று பாளை தள்ளும்வரை ஒருவராலும் சொல்ல முடியாது. அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். பாதர் காத்திருக்க ஆயத்தமாக இருந்தார். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அவனை என்னுடைய இடத்தில் நட்டு வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் கரைச்சல்.

வடலிக்குப் பந்து பிடிக்க வராது. நேரே கைக்கு எறிந்தாலும் கண்ணை மூடிக்கொள்வான். பந்து நெஞ்சில் பட்டு உருண்டு போகும். பாதர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். உருண்ட பந்தைத் தானே ஓடிப்போய் எடுத்து வந்து, அவன் கைகளுக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பந்தின்மேல் பதித்துக் காட்டுவார். முகத்தில் கோபத்தின் நிழல்கூட இராது. நான் ஒரு பந்தைத் தவறவிட்டால் "என்னடா, நித்திரையோ?" என்று மைதானம் அதிரும். அவன் உயரத்தில் எனக்குப் பொறாமை இல்லை. பிழை விடுவதற்கென்று அவனுக்குத் தாராளமாக நேரம் கிடைத்ததே, அதில்தான் பொறாமை. எனக்கு அப்படி ஒரு நாளும் யாரும் கொடுத்ததில்லை.

முதலில் பயிற்சியில் மட்டும் என் இடத்தில் நின்றான். பிறகு மற்றப் பள்ளிக்கூடங்களோடு விளையாடும்போதும் அவனே நின்றான். நான் கோட்டுக்கு வெளியே, மாற்று ஆட்கள் இருக்கும் வாங்கில் இருந்தேன். தோற்றோம். திரும்பவும் அவனை விட்டார், திரும்பவும் தோற்றோம். எங்கள் அணித்தலைவனுக்கு என்னைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "காத்திருந்தவன்ரை பெண்சாதியை நேற்று வந்தவன் கொண்டு போயிட்டானடாப்பா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வான். நானும் சிரித்து வைப்பேன்.

அந்த வருஷம் இப்படியே போயிற்று. அடுத்தது எனக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். எப்படியோ தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அதில் முதல் விசில் ஊதும்போது நான் கோட்டுக்குள் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுப் பாதரிடம் போனேன்.

"பாதர், எனக்கு இந்த ஒரு மட்ச்தான் இருக்கு."

"தெரியுமடா."

"என்னை முதலிலையே விடுங்கோவன்."

"உனக்கென்ன, நீ விளைஞ்சிட்டாய். உன்னை எப்ப விட்டாலும் விளையாடுவாய். அவனுக்கெண்டால் இன்னும் வருசம் வேணும். பெரிய மட்ச்சிலை நிண்டு பழகட்டும்."

பாதர் என்னைப் புகழ்ந்ததாகத்தான் நினைத்திருப்பார். பிஞ்சிலே பழுத்தது என்று ஊரில் திட்டுவார்களே, எனக்கு அப்படித்தான் கேட்டது. பதினெட்டு வயதில் எனக்கு இனி வருவதற்கு ஒன்றும் இல்லை என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இறுதி ஆட்டத்துக்கு என் ஐயா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மகன் வாங்கில் இருப்பதைப் பார்த்து, எனக்குக் காய்ச்சலோ என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாராம். இடைவேளைக்கு முன் வடலி விட்ட பிழைகளை நான் ஒவ்வொன்றாக மனத்துக்குள் எண்ணி மகிழ்ந்தேன். தோற்கப்போவது என் பள்ளிக்கூடம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இடைவேளைக்குப் பிறகு என்னை விட்டார். வெறி பிடித்தவன்போல் விளையாடினேன். கிட்டத்தட்டச் சமப்படுத்தியும் விட்டோம். ஒரேயொரு கூடையால் தோற்றோம்.

விசில் ஊதியதும் நான் பாதரைத்தான் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், தலையைக் குனிந்துகொண்டு நின்ற வடலியின் தோளை எட்டிப் பிடித்து, "காரியமில்லை, அடுத்த வருசம் பாப்பம்" என்றார். எனக்கு அடுத்த வருஷம் இல்லை. ஐயாவின் சைக்கிளுக்குப் பின்னால் என் சைக்கிளை மிதித்துக்கொண்டு இணுவிலுக்கு வந்தேன்.

அடுத்த வருஷம் வடலிக்கும் இருக்கவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. பாதர் மயிலிட்டிக்குப் போய்ப் போய்க் கேட்டுப் பார்த்தார். இலவு காத்த கிளி என்று நாங்கள் கேலி செய்தோம். கதை அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. பழைய மாணவர்கள் கூடும் இடமெல்லாம் பேச்சில் வடலி வந்து நின்றான். "பாளை தள்ளுற நேரத்திலை போயிட்டான்" என்பார் ஒருவர். "இன்னும் ஒரு வருசம் இருந்திருந்தால், இலங்கையிலையே அவனைப் பிடிக்க ஆளில்லை" என்பார் இன்னொருவர். எங்கள் அணித்தலைவனும் கண் கலங்கி ஆமாம் போடுவான். அந்த இறுதி ஆட்டத்தில் கூடைகளைப் போட்டது யார் என்று கேட்க ஒரு குருவி இல்லை. நான் என்ன செய்தேன் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அவனோ ஒன்றும் செய்யாமலே போய்விட்டான், ஆகவே எதையும் செய்திருக்கக்கூடியவன் ஆகிவிட்டான். வாங்கில் இருந்தபோது பட்டதைவிட எனக்கு இதுதான் கூட எரிந்தது.

எழுபதுகளின் நடுவில் எனக்குத் தெல்லிப்பழையில் வேலை. மீன் வாங்க மயிலிட்டிக்குப் போவது வழக்கம். ஒருநாள் துறையில் யாரோ பின்னால் இருந்து "அண்ணை!" என்று கூப்பிட்டார்கள். நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"என்னைத் தெரியேல்லையோ? நான் வடலி."

உடம்பு வைத்திருந்தான். வெயிலில் கறுத்து, நல்ல களையாக இருந்தான். ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கி என் பைக்குள் போட்டான். பேச்சு எங்கே போகும் என்று தெரிந்தும் என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நீ நிண்டிருந்தால் எங்கையோ போயிருப்பாய் எண்டுதான் எல்லாரும் இன்னும் கதைக்கினம்."

"எங்கை போறது அண்ணை?" என்று சிரித்தான். "எனக்குப் பந்தைக் கண்டாலே பயம். முகத்துக்கு நேரை வந்தால் கண் தன்பாட்டிலை மூடும். கடைசிவரைக்கும் அந்தப் பயம் போகேல்லை."

"அப்ப ஏன் பாதரிட்டைச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? அவர் அப்பிடி ஆசையாப் பாத்துக்கொண்டு நிப்பார். கடலுக்கு வந்தாப் பிறகுதான் நான் நிம்மதியா நித்திரை கொண்டனான்."

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்குப் போகவில்லை. மீன்பையோடு அப்படியே பட்டணத்துக்கு பஸ் ஏறினேன். பாதர் அப்போது ஓய்வு பெற்று, பாதிரிமார் தங்கும் வீட்டில் ஒரு அறையில் இருந்தார். கால் வீங்கி, சாய்மனைக் கதிரையைவிட்டு எழும்ப மாட்டாமல் கிடந்தார். என்னை அடையாளம் கண்டு பெயர் சொல்லி வரவேற்றார். வடலியைக் கண்டேன் என்றதும் கதிரையில் நிமிர்ந்து இருந்துவிட்டார்.

ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொன்னேன். பந்தென்றால் பயம், கண் மூடும், கடைசிவரை போகவில்லை. பாதர் கைகளைக் கோத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் வரப்போகிறது, "உன்னைத்தான் விட்டிருக்க வேணும்" என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"பயமோ?" என்றார் பாதர். "அப்ப நான்தான் அவசரப்பட்டிட்டன். அவனுக்கு இன்னும் ரெண்டு வருசம் குடுத்திருக்க வேணும்."