படையலைத் தின்றது யார்?

வாசகரே, நீங்களே சாட்சியாக இருந்து கேளுங்கள். மலாயாவில் வெள்ளையர் அறிவித்த அவசரகாலத்தில், கெர்லிங் பக்கம் ஒரு காவல் நிலையத்தில், வெள்ளைக்கார அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் தமிழர் ஒருவரைச் சந்தித்தேன். வெளுத்த சட்டை, ஒட்ட வெட்டிய மீசை. எந்த முடிவைச் சொல்வதற்கு முன்னும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர், காட்டோரத்து முனியாண்டிக்கு வழக்கம்போல் சோறு படைத்திருந்தார். குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசியும் போகக்கூடாத காலம் அது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவளித்ததாக அவரைப் பிடித்துவிட்டார்கள். மேடைகளில் வாதிட்டு வென்ற நான், அவருக்காகப் பேச அவர் மனைவியோடு போனேன்.

“இலையில சோறு இல்ல தம்பி. யாரு சாப்பிட்டா?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“குரங்கு தின்னிருக்கும், ஐயா.”

“நீங்க பாத்தீங்களா?”

“இல்லை.”

கண்ணாடியைத் துடைத்தார். “சாமி சாப்பிடாதுன்னு போன மாசம் மேடையில நீங்கதானே பேசுனீங்க? நானும் கை தட்டுனேன் லா. சாமி சாப்பிடல. குரங்க யாரும் பாக்கல. அப்போ மிச்சம் யாரு?”

அவர் கேலி செய்யவில்லை. என் வாக்கியத்தின்மேல் தம் வாக்கியத்தை ஒழுங்காக அடுக்கினார். காட்டோரம்வரை நடந்துபோய்ப் பார்க்கும் அவசியம் அவருக்குத் தோன்றவேயில்லை. உண்மையை அறிய வாதமே போதும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை என்னிடமிருந்துதான் பெற்றாரோ என்ற எண்ணம் இன்றும் கசக்கிறது.

தொழிலாளியை லோரியில் ஏற்றினார்கள். வாசலில் அழுதுகொண்டிருந்த அவர் மனைவியிடம், காவலர்கள் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னேன்: “அக்கா, நாளைக்கு நானே சோறு கொண்டுபோய் முனியாண்டிக்கு வைக்கிறேன். எது திங்குதுன்னு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, இங்கயே வந்து சொல்றேன்.”